மல்லாந்து கிடந்த வருடங்கள்

இருபத்திரண்டு வருடம்
நான் அண்ணாந்து பார்த்ததெல்லாம்
பாத்திரம் கழுவும் தொட்டிகளின் அடிவயிறு.
வின்னிபெக்கில் எந்த வீதியில்
எந்த வீட்டில் செம்பு, எதில் ஈயம்,
எதில் யாருக்கும் தெரியாமல் ஊற்றிய பன்றிக்கொழுப்பு
என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பேன்.
முகத்தில் சொட்டும் நீரின் ருசியை வைத்தே
குழாயின் வயதைச் சொல்வேன்.
இதில் பெருமை ஒன்றுமில்லை,
வாயை மூடிக்கொண்டு வேலை செய்யத் தெரியாதவன், அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றில்
வேனை அடகு வைத்தேன். பிறகு வீட்டை.
லோர்னா கையெழுத்துப் போட்டாள்.
"விழுவதானால் சொல்லிவிட்டு விழு" என்றாள்,
பேனாவின் மூடியைத் தேடியபடி.

வகுப்பில் எல்லோருக்கும் பத்தொன்பது.
தேர்வு நடத்த வந்தவன் என்று நினைத்து
எழுந்து நின்றான் ஒரு பையன்.
மேகங்களின் பெயர்கள் மண்டையில் ஏறவில்லை.
குளியலறைக் கண்ணாடியில் சோப்பால் எழுதிவைத்தேன்;
சவரம் செய்யும் முகத்தின் குறுக்கே
கீற்று மேகம், படை மேகம், திரள் மேகம்.
அழுத்தம் பற்றிய பாடத்தில் மட்டும்
கை தானாக எழுந்தது.
எங்கே அடைத்தால் எங்கே வெடிக்கும் என்பதை
என் நெற்றித் தழும்பு எப்போதோ படித்து முடித்திருந்தது.

இப்போது நாற்பத்தெட்டு.
இடப்பக்கம் கேப்டன் ப்ரியெல் லவாலே, வயது இருபத்தாறு.
வலப்பக்கம் நான்.
கம்பெனியின் பணிமூப்புப் பட்டியலில்
என் பெயருக்குக் கீழே இருப்பது
காகிதத்தின் ஓரம்.
அறுபத்தைந்தில் இறக்கிவிடுவார்கள்.
கழித்தால் பதினேழு.
ஒரு முறை கழித்துப் பார்த்தேன், போதும்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
தாம்ப்சனுக்குப் போகும் காலை விமானம்.
டார்ச்சோடு சுற்றி வந்து
கீழே நின்று அண்ணாந்தேன்:
மறுபடியும் ஓர் அடிவயிறு.
இதில் எதுவும் முகத்தில் சொட்டக்கூடாது.

உள்ளே வந்தால் பணிப்பெண் சிக்ரூன் சொல்கிறாள்:
"கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் ஒழுகுகிறது."
ப்ரியெல் என்னைப் பார்த்தாள்.
நான் என் கைகளைப் பார்த்தேன்.
அவை ஏற்கெனவே முழங்கை வரை உள்ளே போயிருந்தன;
ஒரு ரப்பர் வளையம், கால் திருப்பு, இரண்டு நிமிடம்.
"தொடாதே, கோர்னி."
தெரியும்.
நாற்பது பேரை ஏழாயிரம் மீட்டர் தூக்கிப்போக
எனக்கு உரிமம் இருக்கிறது.
வாஷர் மாற்ற இல்லை.
அதற்கு வேறொருவர் வர வேண்டும்,
வேறொருவர் கையொப்பம் வேண்டும்.
வந்தவர் தடித்த கையுறையோடு தடுமாறினார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
(திறந்தேன். "இடப்பக்கம்" என்று, ஒரே ஒரு முறை.)

பயணிகள் ஏறும்போது
என் முன்னால் நின்றுவிட்டார் ஒரு பெண்மணி.
தோளின் கோடுகளைப் பார்த்தார், பிறகு முகத்தை.
"செல்கர்க் அவென்யூ. நிலவறையில் வெள்ளம். நீங்கள்தானே?"
பதினோரு வருடமிருக்கும். அவர் பெயர் நினைவில்லை.
இணைப்பு நினைவிருக்கிறது: முக்கால் அங்குலம்,
வெந்நீர்க் கலத்துக்குப் பின்னால், கை எட்டாத இடம்.
அவருக்குப் பின்னே வரிசை நின்றது.
ஹாக்கி மட்டைகளோடு பையன்கள்,
பிரசவத்துக்குத் தெற்கே வந்து
கைக்குழந்தையோடு திரும்பும் ஒரு க்ரீ இளம்பெண்.
எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:
"இதை நீங்களா ஓட்டப்போகிறீர்கள்?"

பறந்த மணிநேரம், மதிப்பெண், உரிம எண்
எதுவும் நாக்கில் வரவில்லை.
"அந்த இடம் இன்னும் ஒழுகுகிறதா?" என்றேன்.

அவர் யோசித்தார்.
வீட்டுக்குப் போய், படியிறங்கி, விளக்கைப் போட்டு,
குனிந்து தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் போல
"இல்லை" என்றார்.

நாலாவது வரிசை, ஜன்னலோரம்.
இடுப்புவாரை மாட்டும் சத்தம்
என் இருக்கை வரை கேட்டது.